இடுப்பளவு தண்ணியில் ஒரு நெல்லு!

‘‘வயலை வயலாவே வெச்சிருந்தா கவர்மென்ட்டு காசு குடுக்குது மச்சி!’’

ஹாஸ்டல் மெஸ்ஸில் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே ரூம்மேட் இப்படி ஒரு குண்டைப் போட்டபோது, டேபிளில் ஒருத்தனும் நம்பவில்லை. அவன் பாலக்காட்டுக்காரன். கோயம்புத்தூருக்குப் படிக்க வந்து மூணு வருஷமாகியும், கேரளாவைப் பற்றி எது சொன்னாலும் ஒரு கைப்பிடி உப்பு சேர்த்துத்தான் சொல்வான்.

‘‘உர மானியமா இருக்கும்டா...’’

‘‘இல்ல.’’

‘‘நெல்லுக்குக் கூட விலை போட்டுத் தர்றாங்களா?’’

‘‘அது வேற. இது சும்மா... வயலை மண்ணு போட்டு மூடாம, நெல்லு விதைச்சு வயலாவே வெச்சிருக்கிறதுக்கு. எங்க அம்மாவனுக்கு வருஷா வருஷம் வருது. பேரே ராயல்ட்டி!’’

அம்மாவன் என்றால் தாய்மாமா. ராயல்ட்டி என்றால் இளையராஜாவுக்கு வருவது. வயலுக்கு எப்படி? சும்மா இருப்பதற்குக் காசு என்றால் எங்கள் டிபார்ட்மென்ட்டில் பாதிப் பேருக்கு உடனே அப்ளிகேஷன் போட்டுவிடலாமே என்று சிரித்தோம். ஆனால், அவன் அடுத்து சொன்னதுதான் எங்களைக் கிளப்பியது. ‘‘அந்த வயல்ல இப்ப நெல்லு, அறுத்து முடிச்சா இறால். இடுப்பளவு தண்ணியில நின்னு அறுப்பாங்க. கடல் தண்ணி ஏறி இறங்குற வயல்டா!’’

அக்டோபர் கடைசி வாரம். ஸ்டடி லீவு. மூணு பேர், மூணு பை, மொத்தமாக ஒரு புத்தகம் (அதையும் பிரிக்கவில்லை). கிளம்பிவிட்டோம்.

கோயம்புத்தூரிலிருந்து எர்ணாகுளத்துக்கு ரயிலில் நாலு மணி நேரம் போல ஆகிறது. பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டியதும் ஜன்னலில் காற்று மாறும். அதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். இறங்கியதும் நேராக ஹைகோர்ட் படகுத்துறை. அங்கேதான் வாட்டர் மெட்ரோ. 2023 ஏப்ரலில் ஓட ஆரம்பித்த பேட்டரிப் படகுகள். ஏ.சி., ஆட்டோமேடிக் கதவு, சத்தமே இல்லை. கப்பல் கணக்காக ஒரு சவாரி கிடைக்கும் என்றால் ஏறாமல் இருக்க முடியுமா? ஒரு பக்கம் வல்லார்பாடம் கன்டெய்னர் முனையத்தின் ராட்சதக் கிரேன்கள். தூரத்தில் ஃபோர்ட் கொச்சியின் சீன வலைகள். இதற்கு நடுவில் படகு வழுக்கிக்கொண்டு போய் வைப்பின் தீவில் விடுகிறது.

வைப்பினைப் பற்றி ஒரு சுவாரஸ்யம். 1341-ல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் கொண்டுவந்து கொட்டிய மண்ணில் உருவான தீவு இது என்கிறார்கள். அதே வெள்ளம்தான் நம் சங்கப் பாட்டில் வருகிற முசிறித் துறைமுகத்தைத் தூர்த்துவிட்டு, கொச்சிக்குக் கதவைத் திறந்துவிட்டதாம். ஆக, முசிறியின் வீழ்ச்சியும் இந்தத் தீவின் பிறப்பும் ஒரே மழைக்காலத்துச் சமாசாரம். மேற்கே கடல், கிழக்கே காயல், நடுவில் நீளமாக ஒரு துண்டு நிலம். 2004-ல் கோஸ்ரீ பாலங்கள் வருகிற வரைக்கும் எர்ணாகுளத்துக்குப் போக இவர்களுக்குப் படகுதான் கதி. இன்றைக்குப் பத்து நிமிடத்தில் பஸ் ஹைகோர்ட்டுக்குப் போய்விடுகிறது. அந்தப் பத்து நிமிடம் நிலத்தின் விலையை என்ன செய்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்!

முனம்பம் போகிற பஸ்ஸில் ஏறினோம். நாயரம்பலம் தாண்டி ஒரு ஸ்டாப். (ஊர் பேரைப் போட வேண்டாம் என்று அம்மாவன் கேட்டுக்கொண்டார். ஏன் என்பது பின்னால் வரும்.) மெயின் ரோட்டிலிருந்து கிழக்கே திரும்பி, தென்னந்தோப்பு, சர்ச், ஒரு டீக்கடை, ரெண்டு ஃபிளாட்டு விளம்பரப் பலகை எல்லாம் தாண்டினால், சட்டென்று வானம் பெரிசாகிறது. எதிரே வயல்.

வயல் என்றதும் என் மனசில் இருந்தது தஞ்சாவூர்ப் பக்கத்துப் பச்சை. வரப்பு, கொக்கு, பம்ப்செட். இங்கே பார்த்தது வேற. பெரிய ஏரி மாதிரித் தண்ணீர். அதில் சாய்ந்து, படுத்து, தலை மட்டும் தூக்கிக்கொண்டு நிற்கிற நெல்லு. வரப்பே கண்ணில் படவில்லை. சுற்றிலும் ஒரே ஒரு பெரிய மண் கரை. வயலுக்குள் ஒரு சின்ன வள்ளம் மிதக்கிறது. அதைச் சுற்றி ஏழெட்டுப் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று, கதிரை மட்டும் அரிந்து வள்ளத்தில் போடுகிறார்கள். தாள் அப்படியே தண்ணீரில் நிற்கிறது.

‘‘வைக்கோல் வேண்டாமா சேச்சி?’’ என்று கரையில் நின்று கத்தினேன்.

தலையில் துண்டு கட்டிய ஒரு சேச்சி நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். ரூம்மேட் மொழிபெயர்த்தான். ‘‘அது இறாலுக்குச் சாப்பாடு மோனேங்குறாங்க.’’

இந்த நெல்லுக்குப் பேர் பொக்காளி. மலையாளத்தில் பொக்கம் என்றால் உயரம். ஆளை முழுங்குகிற மாதிரி உயரமாக வளர்வதால் இந்தப் பேர் வந்தது என்று சொல்கிறார்கள். எர்ணாகுளம், ஆலப்புழை, திருச்சூர் மாவட்டங்களின் கடலோரச் சதுப்பில் மட்டும் விளைகிறது. புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது. இதன் கணக்கே தனி. ஏப்ரல் மத்தியில் வயலில் இருக்கிற உப்புத் தண்ணீரை வடித்துவிடுவார்கள். கரையைப் பலப்படுத்தி, காய்ந்த சேற்றை வெட்டி முழங்கால் உயரத்துக்குச் சின்னச் சின்ன மண்மேடுகளாகக் குவிப்பார்கள். ஜூனில் மழை கொட்டும்போது மேட்டின் உச்சியில் இருக்கிற உப்பு முதலில் கரைந்து இறங்கிவிடும். உப்பு இறங்கிய உச்சியில் முளைகட்டிய விதை. நாற்று ஒன்றரை அடி வளர்ந்ததும் மேட்டையே துண்டு துண்டாக வெட்டி, நாற்றோடு சேர்த்து வயலெங்கும் பரப்பிவிடுவார்கள். அவ்வளவுதான். உரம் கிடையாது. பூச்சிமருந்தும் கிடையாது. போட்டால் அடுத்து வருகிற இறால் செத்துப்போகுமே!

அக்டோபர், நவம்பரில் கதிர் அறுப்பு. நவம்பர் பாதியில் மதகைத் திறந்து கடல் தண்ணீரை உள்ளே விட்டால், ஓதத்தோடு சேர்ந்து இறால் குஞ்சும் மீன் குஞ்சும் தானாக வந்து குடியேறும். ராத்திரி மதகின் மேல் ஒரு விளக்கு மாட்டி வைத்தால் போதும், வெளிச்சத்தைப் பார்த்து வரும். அழுகின தாள் அதற்குத் தீனி. இறாலின் கழிவு அடுத்த நெல்லுக்கு எரு. ஏப்ரல் 14 வரைக்கும் இறால். அப்புறம் மறுபடி நெல்லு.

மதகுக்கு இவர்கள் சொல்கிற பேர் தூம்பு. கேட்டதும் எங்களுக்கு ஒரு சின்ன சிலிர்ப்பு. நம்ம ஊர் ஏரிகளில் தண்ணீர் போகிற வழிக்கும் தூம்பு என்றுதானே பழைய பேர்? ரூம்மேட், ‘‘எல்லாம் எங்ககிட்டேர்ந்து எடுத்தது’’ என்றான். நாங்கள் அவனைத் தண்ணீரில் தள்ளப் பார்த்தோம்.

மத்தியானம் அம்மாவன் வீட்டில் சாப்பாடு. அம்மாயி சுடச்சுட பொக்காளிச் சோறும், மாங்காய் போட்ட இறால் குழம்பும் வைத்தார். சோறு லேசான சிவப்பு. பெரிய பெரிய பருக்கை. ரெண்டு பிடிக்கே வயிறு நிறைந்த மாதிரி இருந்தது. (ஆனாலும் மூணு தடவை போட்டுக்கொண்டோம் என்பதை நேர்மையாகப் பதிவு செய்கிறேன்.) அம்மாவன் சின்ன வயசில் கோயம்புத்தூரில் ஒரு மில்லில் வேலை பார்த்தவர். தமிழ் நன்றாக வருகிறது.

‘‘ராயல்ட்டி எவ்வளவு வருது அம்மாவா?’’ என்று ரூம்மேட் எங்களுக்காகக் கேட்டான்.

‘‘என்கிட்ட ரெண்டு ஏக்கர். வருஷத்துக்கு ரெண்டாயிரத்து நானூறு சொச்சம்.’’

நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். மாசத்துக்கு?

‘‘வருஷத்துக்குன்னு சொன்னேன்’’ என்றார் அம்மாவன்.

கேரள அரசு இந்தத் திட்டத்தை ஆரம்பித்தது 2020-ல். அப்போது ஹெக்டேருக்கு 2,000 ரூபாய். அடுத்த வருஷம் 3,000 ஆக்கினார்கள். ஏக்கர் கணக்கில் பார்த்தால் 1,200 ரூபாய் சுமாருக்கு வருகிறது. நெல்லு போடுகிற நிலத்தின் சொந்தக்காரருக்கு இது நேராக அக்கவுன்ட்டில் ஏறும். நிலத்தைத் தரிசாகப் போட்டவரும், தானோ வேறொருத்தரோ பயிர் செய்தால் வாங்கலாம். தொடர்ந்து மூணு வருஷம் சும்மா போட்டால் கிடையாது. இந்தியாவில் வேறெந்த மாநிலமும் அதற்கு முன்னால் இப்படிச் செய்ததில்லை. (ஆக, சும்மா இருப்பதற்குக் காசு என்று ரூம்மேட் விட்டதும் உப்பு சேர்த்த கதைதான். டிபார்ட்மென்ட் நண்பர்கள் மன்னிக்கவும்!)

எதுக்கு இந்தக் காசு? கேரளாவில் 1970-களின் நடுவில் கிட்டத்தட்ட 8.8 லட்சம் ஹெக்டேரில் நெல்லு போட்டார்கள். இன்றைக்கு அது 2 லட்சம் பக்கத்தில் வந்து நிற்கிறது. மீதியெல்லாம் தென்னை, ரப்பர், வீடு, ரோடு, கல்யாண மண்டபம். மழைத்தண்ணீர் தங்கி நின்ற இடமெல்லாம் போன பிறகு, அந்தத் தண்ணீர் எங்கே போகும்? 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அது எங்கே போனது என்று கேரளாவே பார்த்தது. வயல் என்பது அரிசித் தொழிற்சாலை மட்டும் கிடையாது. தண்ணீரைத் தேக்குகிறது, கிணறுக்கு ஊற்றுக் கொடுக்கிறது, பறவைக்கும் மீனுக்கும் இடம் கொடுக்கிறது. இதுக்கெல்லாம் மார்க்கெட்டில் எவனும் பில் கட்டுவதில்லை. அதனால் அரசாங்கம் கட்டுகிறது. இதுதான் ராயல்ட்டியின் தத்துவம். எக்கனாமிக்ஸ் பசங்களுக்கு இது தெரிந்திருக்கும்: சுற்றுச்சூழல் சேவைக்குக் கூலி. அமெரிக்காவில் 1985 முதல், அரிக்கிற நிலத்தை உழாமல் விட விவசாயிக்கு அரசு வாடகை கொடுக்கிறது. சீனாவில் 1999-ல் தொடங்கி, மலைச் சரிவில் உழுவதை விட்டு மரம் வைத்தவர்களுக்குத் தானியமும் காசும் கொடுத்தார்கள்.

தத்துவம் சூப்பர். ஆனால், ஏக்கருக்கு 1,200?

‘‘ஒரு ஆம்பளை ஆளுக்கு ஒன்றரை நாள் கூலி. முடிஞ்சுது’’ என்றார் அம்மாவன். ‘‘பொக்காளி மாதிரி நெல்லுக்குன்னு தனியா உதவி இருக்கு. கிருஷி பவன்ல விதை கிடைக்கும். எல்லாம் சேர்த்தாலும் கட்டாது மோனே. ஹெக்டேருக்கு ரெண்டு டன் வந்தாலே பெரிய விளைச்சல். மிஷின் இறங்காது, சேத்துல தாழ்ந்துடும். ஆள் கிடைக்காது. போதாக்குறைக்கு நீலக்கோழி!’’

நீலக்கோழி நம்ம ஊர் ஏரிகளிலும் இருக்கிற நீல நிறத் தாழைக்கோழி. சிவப்பு மூக்கோடு பார்க்க அவ்வளவு அழகு. கூட்டமாக இறங்கினால் நெல்லை ஒடித்துப் போட்டுவிட்டுப் போய்விடும். சட்டப்படி அதைத் தொடக்கூடாது. பறவைக்கு இடம் கொடுக்கிறது என்று வயலுக்கு ராயல்ட்டி. அந்தப் பறவை தின்றதற்கு அம்மாவன் யாரிடம் பில் கொடுப்பார்? கேட்டேன். ‘‘அதுக்கும் சேர்த்துத்தான் ரெண்டாயிரத்து நானூறு’’ என்று சிரித்தார்.

‘‘அப்புறம் ஏன் அம்மாவா நெல்லு போடறீங்க? வருஷம் பூரா இறாலே விடலாமே?’’

சிரிப்பு நின்றுவிட்டது. அம்மாயிதான் பதில் சொன்னார், அடுப்படியில் இருந்து. ‘‘அதைத்தான் எல்லாரும் கேக்குறாங்க.’’

சாயங்காலம் அம்மாவன் எங்களைக் கரை மேலேயே கூட்டிக்கொண்டு போனார். அரை மணி நேரம் நடந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அம்மாவனின் ரெண்டு ஏக்கர் தனியாக இல்லை. இந்தப் பெரிய கரைக்குள் அறுபது ஏக்கர். இருபதுக்கும் மேல் சொந்தக்காரர்கள். எல்லாம் சேர்ந்து ஒரு பாடசேகரம். நடுவில் வரப்பு கிடையாது. உள்ளே வருகிற தண்ணீரும் வெளியே போகிற தண்ணீரும் ஒரே தூம்பு வழியாகத்தான். அந்தத் தூம்பு திறந்திருந்தால் எல்லாருக்கும் உப்புத் தண்ணீர். மூடியிருந்தால் எல்லாருக்கும் நல்ல தண்ணீர். ‘நான் மட்டும் நெல்லு போட்டுக்கறேன், நீ இறால் விட்டுக்கோ’ என்பது இங்கே நடக்காது.

இந்த அறுபது ஏக்கரையும் இறால் சீசனுக்கு ஒரு கான்ட்ராக்டர் குத்தகைக்கு எடுக்கிறார். அவர் கொடுக்கிற குத்தகைப் பணம் ராயல்ட்டியைப் போலப் பல மடங்கு. சொந்தக்காரர்களில் பாதிப் பேர் எர்ணாகுளத்திலோ துபாயிலோ இருக்கிறார்கள். அவர்களுக்கு நெல்லும் ஒன்றுதான், இறாலும் ஒன்றுதான். ‘ஒரு நெல், ஒரு மீன்’ என்பது அரசாங்கத்தின் விதி: ஒரு போகம் நெல்லு போட்டால்தான் அடுத்து மீனுக்கு அனுமதி. விதி காகிதத்தில் அழகாக இருக்கிறது. ‘‘ஏப்ரல் 14-க்குத் தண்ணி வடிக்கணும். அவன் ஏப்ரல் கடைசி வரைக்கும் இழுப்பான். மே பாதி வரைக்கும்கூட. கடைசி இறாலையும் வழிச்சிட்டுத்தான் விடுவான். அதுக்கப்புறம் சேறு காயணும். மேடு போடணும். அதுக்குள்ள மழை வந்தா?’’

மேடு போடாமல் மழை வந்தால் அந்த வருஷம் நெல்லு இல்லை. ரெண்டு வருஷம் முன்னால் அப்படித்தான் ஆனதாம். ஊர் பேர் வேண்டாம் என்று அம்மாவன் சொன்னதற்குக் காரணம் இதுதான். கான்ட்ராக்டர் பக்கத்துத் தெரு. சர்ச்சில் அடுத்த பெஞ்ச்.

கரையின் ஓரத்தில் ஒரு இடத்தில் அம்மாவன் நின்று காட்டினார். எங்களுக்கு இடது பக்கம் இந்த வயல். வலது பக்கம், அதே மாதிரி இருந்த ஒரு வயல் மண் கொட்டி மேடாகி, அதில் பத்துப் பதினைந்து வீடுகள். 2008-ல் நெல்வயல், சதுப்புநிலப் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு முன்னால் மூடியது. அந்தச் சட்டம் வந்த பிறகு ஒவ்வொரு ஊரிலும் வயல்களை டேட்டா பேங்க் என்று ஒரு பட்டியலில் ஏற்றினார்கள். பட்டியலில் ஏறிய வயலை இஷ்டத்துக்கு மூட முடியாது. ஆனால் நாங்கள் நின்றபோது ஓதம் ஏறிக்கொண்டிருந்த நேரம். அந்த வீடுகளுக்கு நடுவில் இருக்கிற சந்தில் தண்ணீர் மெதுவாக, சத்தமே போடாமல் வந்து நின்றது. மழை இல்லை. புயல் இல்லை. காயல் தண்ணீர். ஒரு பாட்டி வாசல்படியில் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தார். செருப்புகளை எடுத்து ஜன்னலில் வைத்தார். தினசரி வேலை மாதிரி, ஒரு அலுப்பும் இல்லாமல்.

வைப்பினில் இதற்கு வேலியேற்றம் என்று பேர். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வீடுகளுக்குள் உப்புத் தண்ணீர் ஏறுவது முன்பெல்லாம் அபூர்வமாம். இப்போது அடிக்கடி. கடல் மட்டம் உயர்கிறது என்று நாம் பாடத்தில் படித்துவிட்டுப் போகிறோம். இங்கே அது வாசல்படியில் எத்தனை செங்கல் என்கிற கணக்கில் தெரிகிறது. வயல் இருந்தால் அந்தத் தண்ணீர் அறுபது ஏக்கரில் பரவி விரலளவு உயரும். வயலை மூடினால் அது சந்துக்குள் வரும்.

இன்னொன்றும் இருக்கிறது. உலகத்தில் கடலோர வயல்களில் எல்லாம் உப்பு ஏறிக்கொண்டே இருக்க, அந்த உப்பைத் தாங்குகிற நெல்லைத் தேடிய விஞ்ஞானிகள் வந்து சேர்ந்தது பொக்காளியிடம்தான். அதன் முதல் குரோமோசோமில் இருக்கிற உப்புத் தாங்கும் பகுதிக்கு ‘சால்ட்டால்’ என்று பேர் வைத்து, மற்ற நெல் ரகங்களுக்குள் ஏற்றுகிறார்கள். பிலிப்பைன்ஸில் இருக்கிற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் வரைக்கும் போன நெல்லு இது. எர்ணாகுளத்தில் வைட்டிலா என்றால் இன்றைக்கு எல்லாருக்கும் தெரிவது பஸ் ஸ்டாண்டும் மெட்ரோவும். ஆனால் பொக்காளிக்கான நெல் ஆராய்ச்சி நிலையம் அங்கேதான் இருக்கிறது. அங்கிருந்து வந்த ரகங்களுக்கு வைட்டிலா-1, 2 என்று வரிசையாகப் பேர். டிராஃபிக்குக்குப் பேர் போன ஜங்ஷனின் பேரில் ஒரு நெல்லு!

மறுநாள் காலையில் நாங்களும் தண்ணீரில் இறங்கினோம். இறங்கிய முதல் நிமிடம் கால் முழங்கால் வரை சேற்றில் போய்விட்டது. ரூம்மேட் அலறினான். சேச்சிகள் சிரித்த சிரிப்பு அக்கரைக்குக் கேட்டிருக்கும். அரிவாளைப் பிடித்து, கதிரைத் தண்ணீருக்கு மேலே தூக்கி, ஒரு சாண் நீளத்துக்கு அரிந்து வள்ளத்தில் போட வேண்டும். இருபது நிமிடத்தில் முதுகு போச்சு. உப்புத் தண்ணீரில் கை வெந்த மாதிரி எரிந்தது. சேச்சிகள் காலை எட்டு மணிக்கு இறங்கியவர்கள். எல்லாருக்கும் ஐம்பது தாண்டியிருக்கும். இவர்களில் ஒருத்தருடைய மகள்கூட இந்த வேலைக்கு வரவில்லை. முதல் நாள் சிரித்த சேச்சியின் மகள் கொச்சியில் நர்ஸ்.

‘‘சேச்சிக்கு ராயல்ட்டி உண்டா?’’ என்று கேட்டேன்.

கேள்வியே அவருக்குப் புரியவில்லை. ரூம்மேட் ரெண்டு தடவை விளக்கினான். ‘‘எனக்கு நிலம் இல்லையே மோனே’’ என்றார். அப்படியே குனிந்து அடுத்த கதிரைப் பிடித்துக்கொண்டார்.

எனக்கு அந்த இடத்தில்தான் இந்தத் திட்டத்தின் மேல் லேசாகக் கோபம் வந்தது. துபாயில் இருக்கிற சொந்தக்காரருக்கு ஏக்கருக்கு 1,200 போய்ச் சேர்கிறது. வயலை வயலாக வைத்திருக்கிற கைகளுக்குத் தனியாக ஒன்றும் இல்லை. அது போகட்டும். ஏக்கர் ஏக்கராகப் பிரித்துக் கொடுக்கிற காசு, ஒரே தூம்பு இருக்கிற வயலில் என்ன செய்ய முடியும்? பத்தொன்பது பேர் சரி என்று சொல்லி, ஒருத்தர் தூம்பைத் திறந்து வைத்தால் கதை முடிந்தது. அந்த அறுபது ஏக்கருக்கும் சேர்த்து, ‘எல்லாரும் நெல்லு போட்டால் இவ்வளவு, ஏப்ரல் 14-க்குத் தண்ணீர் வடிந்தால் இவ்வளவு’ என்று மொத்தமாக ஒரு தொகை வைத்தால், பக்கத்து வீட்டுக்காரரே பக்கத்து வீட்டுக்காரரைக் கேள்வி கேட்க மாட்டாரா? இதை அம்மாவனிடம் சொன்னேன். ‘‘நீ எலெக்‌ஷன்ல நில்லு, நான் ஓட்டு போடுறேன்’’ என்றார்.

ஆனாலும் இன்னொரு விஷயத்தையும் சொல்லணும். அந்த ரெண்டாயிரத்து நானூறு வந்த எஸ்.எம்.எஸ்ஸை அம்மாவன் அழிக்கவில்லை. முதல் வருஷம் வந்ததிலிருந்து எல்லாமே போனில் இருக்கிறது. எங்களிடம் காட்டினார். ‘‘ஐம்பது வருஷமா நெல்லு போடுறேன். கவர்மென்ட்டு இதுக்குன்னு பேர் சொல்லி ஒரு காசு குடுத்தது இதான்’’ என்றார். மற்ற மானியமெல்லாம் விதைக்கு, கரைக்கு, பம்புக்கு. இது மட்டும் வயலுக்கு.

செமஸ்டர் முடிந்தது. ஏப்ரல் 14. விஷு. மறுபடி வைப்பின்.

இந்தத் தடவை வயலில் நெல்லு இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வெயிலில் தகதகக்கிற உப்புத் தண்ணீர். தூம்பு வாயில் வலை கட்டி, சாயங்கால வத்தத்தில் தண்ணீர் வெளியே பாயும்போது இறாலை அள்ளிக்கொண்டிருந்தார்கள். நாரன், சூடன், நடுவில் சில பெரிய கார. துள்ளுகிற கூடைகள். கரையில் வியாபாரிகளின் டூவீலர்கள், ஐஸ் பெட்டிகள். செம கூட்டம். அழகான காட்சிதான். ஆனால் அம்மாவன் கூடையைப் பார்க்கவில்லை. தூம்புப் பலகையில் தண்ணீர் நின்ற கறையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

‘‘இன்னிக்கு வடிக்கணும். வடிக்கலை.’’

பாடசேகர சமிதியின் ஆட்கள் கான்ட்ராக்டரிடம் பேசினார்கள். நாங்கள் டீக்கடையில் இருந்து பார்த்தோம். யாரும் சத்தம் போடவில்லை. கான்ட்ராக்டரும் கெட்டவர் மாதிரி தெரியவில்லை. இந்த சீசனில் நோய் வந்து பாதி இறால் போய்விட்டதாம். வட்டிக்கு வாங்கியிருக்கிறார். ‘இன்னும் ஒரு தக்கம் விடுங்க’ என்று கேட்டார். தக்கம் என்றால் அமாவாசையையோ பௌர்ணமியையோ ஒட்டி நன்றாகப் பிடிபடுகிற நாட்கள். ஒரு தக்கம் விட்டால் ரெண்டு வாரம் போகும். மே மாசம் வந்துவிடும். கிருஷி பவனுக்கு மனு போனது. மீன்வளத் துறைக்கும் ஒரு மனு. ஒரே வயலுக்கு ரெண்டு ஆபீஸ். ஒன்றுக்கு நெல்லு, ஒன்றுக்கு மீன்.

பத்து நாள் கழித்து ரூம்மேட்டுக்கு அம்மாயி போன் செய்தார். தண்ணீர் வடிய ஆரம்பித்துவிட்டது. அன்றைக்கு கெட்டு கலக்கல். குத்தகை முடிந்ததும் ஊரே வயலில் இறங்கி, மிச்சம் மீதி இருக்கிற மீனைக் கையால் பிடிக்கலாம். யாரும் தடுக்க மாட்டார்கள். குழந்தை, கிழவி, போலீஸ்காரர் எல்லாரும் சேற்றில். அதற்கு நாங்கள் இல்லாமல் போனது இன்னும் வருத்தம்தான். சேச்சி ஒரு பெரிய கரிமீன் பிடித்தாராம். அம்மாயிக்குக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்.

அதற்கப்புறம் தினம் ராத்திரி ரூம்மேட் வானிலைச் செய்தி பார்க்க ஆரம்பித்தான். பரீட்சைக்குக்கூட அவ்வளவு பதறியதில்லை. ‘‘இன்னும் பத்து நாள் வெயில் இருந்தா போதும் மச்சி... மேடு போட்டுடுவாங்க’’ என்பான். கோயம்புத்தூரில் ஒரு தூறல் விழுந்தால்கூட, ‘‘அங்க வேண்டாம், அங்க வேண்டாம்’’ என்று முணுமுணுப்பான். நாங்கள் மூணு பேருமே, வாழ்க்கையில் முதல் தடவையாக, மழை தள்ளிப்போகட்டும் என்று வேண்டிக்கொண்டோம்.

ஜூன் ரெண்டாவது வாரம் அம்மாவன் போனில் ஒரு போட்டோ அனுப்பினார். சாம்பல் நிறத் தண்ணீரில் வரிசை வரிசையாக மண்மேடுகள். ஒவ்வொன்றின் உச்சியிலும் விரல் உயரத்துக்குப் பச்சை. ரூம்மேட் பெரிசு பண்ணிப் பண்ணிப் பார்த்தான். மேடுகள் போட்டோவின் பாதி வரைக்கும்தான் இருந்தன. மீதிப் பாதியில் வெறும் தண்ணீர். மேடு போட்டு முடிப்பதற்குள் மழை வந்துவிட்டதாம்.

‘‘அம்மாவனோடது எந்தப் பக்கம்டா?’’ என்று கேட்டேன்.

அவன் போனைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, ‘‘அறுப்புக்குப் போய்ப் பார்த்துக்கலாம். அக்டோபர்ல லீவு எப்ப?’’ என்றான்.